இலங்கை வர்த்தக ஊழியர் சங்கம்: அதன் வரலாறும் நோக்கமும்

வாணிகத்தைப் போற்றிய நூல்கள் தமிழிற் பல உள. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைப் பாடிய உருத்திரங்கண்ணனார், பண்டங்களுக்குச் சுங்கங்கொண்டு புலிப்பொறி இடுவோரையும் பட்டினப்பாலையில் மறவாது சேர்த்துக்கொண்டார். நாடோறும் சோர்வின்றி உழைத்த அவர்களைக் கதிரவன் தேரிற் பூண்ட குதிரைகளுக்கு ஒப்பிட்டார். ஆயின் அவ்வுழைப்பாளர் பெற்ற கூலி யாது, அவர்க்கு ஓய்வுநாள் உண்டோ, பிணியுற்றகாலை அவரைத் தாங்கினார் யாவர் என்னும் வினாக்கள் அந்நூலிற் காணப்படா. ஒரு புலவரிடத்து அவற்றை எதிர்பார்த்தலும் முறையன்று. அவ்வினாக்கள் அண்மைக் காலத்தில் எழுந்தவை; அவற்றை எழுப்பினோரும் புலவரல்லர், கணக்கேட்டின் முன்னும் தராசின் முன்னும் நின்று உழைத்தவர்களே.

இலங்கையில் அவ்வாறு வினவியோர் ஒன்றுகூடி 1928ஆம் ஆண்டில் அமைத்த சங்கமே இலங்கை வர்த்தக ஊழியர் சங்கம். பின்னர் கைத்தொழிற்றுறையினரையும் ஏனைத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டு, இலங்கை வர்த்தக, கைத்தொழில், பொதுத் தொழிலாளர் சங்கம் என அது பெயர் விரிந்தது. எனினும் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களாகிய ‘சீ.எம்.யூ.’ என்பதே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

அது தோன்றிய காலத்துக் கொழும்பை ஒருவாறு மனக்கண்ணாற் காணல்வேண்டும். கோட்டைப் பகுதியில் ஆங்கிலேயரின் பெருங் கம்பனிகள் இருந்தன. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களை ஏற்றுவதும், அரிசியும் துணியும் இயந்திரங்களும் இறக்குவதும், காப்புறுதி செய்வதும், கப்பல்களுக்கு முகவராய் நிற்பதும் அவற்றின் தொழில். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் இந்திய வணிகரும் உள்நாட்டு வணிகரும் இருந்தனர். இவர்கள் எல்லாரிடத்தும் எழுதவும் கணக்கிடவும் தெரிந்த ஊழியர் வேண்டப்பட்டனர். பறங்கியர், சிங்களர், யாழ்ப்பாணத் தமிழர், மலையாளிகள் எனப் பலரும் அக்கந்தோர்களில் அருகருகே அமர்ந்து பேரேடு எழுதினர்.

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழியை யாவரும் அறிவர். அதனை வேடிக்கையாகவே நாம் சொல்கின்றோம். ஆயின் அதன் அடியில் ஓர் அச்சம் உண்டு. அரசாங்க ஊழியனுக்கு ஓய்வூதியம் இருந்தது. அவனைக் காரணமின்றி நீக்குதல் எளிதன்று. கம்பனி இலிகிதனுக்கோ இவ்விரண்டும் இல்லை. ஒரு மாத அறிவித்தலோடு, சிலபோது அதுவுமின்றி, அவனை வீட்டுக்கு அனுப்பலாம். இருபது ஆண்டுகள் எழுதிய கை நடுங்கத் தொடங்கினால், முதலாளியின் இரக்கமே அவனுடைய ஓய்வூதியம். அவ்விரக்கத்தை வேண்டிப் பெறலாம். வழக்காடிப் பெறுதல் இயலாது.

இந்நிலையிலிருந்தும் அவன் தன்னைத் தொழிலாளி என்று எண்ணினானல்லன் என்பதே வியப்பு. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன் தொழிலாளி. வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து மேசைமுன் இருப்பவன் உத்தியோகத்தன் என்பது அவன் கொண்ட வேறுபாடு. முதலாளியின் ஏட்டில் இருவர் சம்பளமும் ஒரே செலவுப் பக்கத்திலேயே எழுதப்பட்டன. அதனை எழுதியவனும் அவனே. இருந்தும் அதன் பொருளை உணர அவனுக்கு நெடுங்காலஞ் சென்றது. வர்த்தக ஊழியர் சங்கத்தின் வரலாற்றை, அவ்வுணர்வு சிறிது சிறிதாகப் பிறந்த வரலாறு என்றே கொள்ளலாம்.

இந்நாட்டில் தொழிலாளர் ஒன்றுகூடுதல் அச்சுத் தொழிலாளரோடு தொடங்கிற்று. 1893இல் அவர் சங்கம் அமைத்துக் கொழும்பில் வேலைநிறுத்தமுஞ் செய்தனர். 1912இல் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பின்னர் 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலன்புரி அமைப்பொன்றை நிறுவினார். அருணாசலத்தை அரசியல் தலைவராகவும், பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியாகவும், சைவ அறிஞராகவும் நம் மாணவர் அறிவர். தோட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் மீறினாற் சிறைக்கனுப்பும் கொடிய விதிகளை எதிர்த்தவராக அறிவோர் சிலரே. அவ்விதிகளை நீக்குஞ் சட்டம் 1921இற் பிறந்தது.

அருணாசலம் கருணையின் வழி நின்றவர். அவருக்குப் பின் வந்த ஏ. ஈ. குணசிங்க போராட்டத்தின் வழி நின்றவர். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்து, 1923இற் கொழும்பிற் பொது வேலைநிறுத்தத்தையும் 1927இல் துறைமுக வேலைநிறுத்தத்தையும் அவர் நடத்தினார். 1928இல் வர்த்தக நிலைய இலிகிதர்க்கெனச் சங்கம் தோன்றியதும் அவர் இயக்கத்தினின்றே. அடுத்த ஆண்டு டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தனித்தனி நின்று இனிப் பயனில்லை எனக் கண்ட முதலாளிமார் அதே 1929இல் தொழில்தருநர் சம்மேளனத்தை நிறுவி, குணசிங்கவின் தொழிற்சங்கப் பேரவையோடு உடன்படிக்கையொன்று செய்துகொண்டனர். தொழிலாளர் கூட்டமாய் வந்தமையாலேயே முதலாளிமாரும் கூட்டமாயினர். அதுவரை முதலாளி இட்ட கட்டளையே உடன்படிக்கையாக இருந்தது. இப்பொழுது மேசையின் இரு பக்கத்தும் நாற்காலிகள் போடப்பட்டன.

குணசிங்கவின் பிற்கால வரலாறு மகிழ்ச்சி தருவதன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகிய 1930களில், அவர் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தில் இறங்கினார். கம்பனிகள் ஆட்குறைப்புச் செய்ததற்குப் பழி, அருகில் இருந்து உழைத்த மலையாளி மேற் சுமத்தப்பட்டது. 1933இல் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தில் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நிற்க, குணசிங்க எதிர்ப்பக்கம் நின்று வேறு ஆட்களை வேலைக்கு அனுப்பினார். தொழிலாளரின் தந்தை எனப் போற்றப்பட்டவர் பத்தாண்டுக்குள் அந்நிலை எய்தினமை சிந்திக்கத்தக்கது. ‘வந்தேறியே உன் சோற்றைப் பறித்தான்’ என்னும் சொல் ஒரு முறை சங்கத்துட் புகுந்துவிடின், முதலாளி வேறொன்றுஞ் செய்யவேண்டுவதில்லை. தமிழ் வாசகர் இதனைச் சிங்களத் தலைவர் ஒருவரின் குறையென்று மட்டும் வாசித்துவிடலாகாது. நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் வெளியூரிலிருந்து வந்த சிப்பந்தியைப் பற்றி அதே சொல் வழங்குவதுண்டு.

1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. எழுவர் சேர்ந்தாற் சங்கமொன்றைப் பதிவு செய்யலாம் என்பது அதன் விதி. இவ்வேழு என்னும் எண்ணை வாசகர் நினைவில் இருத்திக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

1947ஆம் ஆண்டே இவ்வரலாற்றின் திருப்பம். அவ்வாண்டு பொது வேலைநிறுத்தத்தில், அதுவரை அமைதியின் உருவாகக் கருதப்பட்ட அரசாங்க இலிகிதரும் இறங்கினர். ஜூன் 5ஆம் நாள் கொழும்பில் ஊர்வலமாகச் சென்றோர்மீது பொலிசார் சுட்டனர். அரசாங்க இலிகிதர் சேவைச் சங்கத்தைச் சேர்ந்த வே. கந்தசாமி என்னும் தமிழ் இளைஞர் உயிர் துறந்தார். பேனா பிடித்தவனும் தொழிலாளியே என்பதை எத்தனையோ சொற்பொழிவுகள் சொல்லியும் ஏற்காதவர், அன்று ஏற்றனர். அவ்வேலைநிறுத்தத்தை அடக்கும் நோக்கோடு விரைந்து இயற்றப்பட்டதே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பிற்காலத்தில் இந்நாட்டு மக்கள் எத்தனையோ அவசரகால நிலைகளை அச்சட்டத்தின்கீழ்க் கண்டனர். வடபுலத்தார்க்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது முதலிற் பிறந்தது இலிகிதரை அடக்க என்பதை மட்டும் குறித்தல் தகும்.

அவ்வேலைநிறுத்தத்தாற் பதவியிழந்தவருள் இருவர் ஈண்டு நினைக்கத்தக்கவர். ஒருவர் இலிகிதர் சங்கத் தலைவராயிருந்த டி. பி. இலங்கரத்ன. அவர் 1956இல் தொழில் அமைச்சரானார். தனியார்துறை ஊழியனுக்கு முதுமையில் ஒரு பற்றுக்கோடாகிய ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், அவர் அமைச்சிற் பிறந்தது. வேலைநிறுத்தஞ் செய்து வேலையிழந்த ஓர் இலிகிதர், பதினோராண்டின் பின் நாட்டிலுள்ள தனியார் இலிகிதர் அனைவருக்கும் சேமிப்பு வழி செய்தார். கதைகளில் இவ்வாறு எழுதினால் நம்பமாட்டோம்.

மற்றவர் பாலா தம்பு. 1922இல் நாகபட்டினத்திற் பிறந்த தமிழர். விவசாயத் திணைக்களத்தில் விரிவுரையாளராயிருந்தவர். வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டமையால் நீக்கப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில் வர்த்தக ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளராகத் தெரிவானார். பின்னர் சட்டங் கற்று வழக்கறிஞருமானார். 2014 செப்டம்பர் முதல் நாள் தமது 92ஆம் வயதில் மறையும்வரை, 66 ஆண்டுகள், அப்பதவியிலேயே இருந்தார். பெரும்பான்மையோர் சிங்களராயிருந்த சங்கமொன்றின் தலைமையில், 1956ஐயும் 1958ஐயும் 1983ஐயும் போர்க் காலத்தையும் கடந்து, தமிழர் ஒருவர் இருந்தார். இதனை நம் வரலாற்றாசிரியர் இன்னும் போதிய அளவு எண்ணவில்லை. ஒருவரே இத்துணை நெடுங்காலம் பதவி வகித்தல் சங்கத்துக்கு நன்றோ என வினவுவோரும் உளர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. அடுத்த தலைமுறைக்கு இடம்விடுதல் தொழிற்சங்கங்களிலும் அரிதாகவே காணப்படுகின்றது.

தம்புவின் காலத்திற் சங்கம் கொண்ட கொள்கைகளுள் தலையாயது, அரசியற் கட்சி எதற்கும் அடங்காமை. அது எளிதிற் காக்கப்பட்டதன்று. 1963இல் நாட்டின் தொழிற்சங்கங்கள் பல ஒன்றுசேர்ந்து 21 கோரிக்கைகளை முன்வைத்தன. அதுபோன்ற ஒற்றுமை அதற்கு முன்னரும் அரிது, பின்னரும் அரிது. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்திற் சேர்ந்து அமைச்சுப் பதவிகள் ஏற்றது. அக்கட்சியின் வழி நின்ற சங்கங்கள் தம் சொந்தத் தலைவர் அமர்ந்திருந்த அரசாங்கத்தை எதிர்த்துப் போராட இயலாதனவாயின. கோரிக்கை இயக்கம் சிதைந்தது. தம்பு அக்கூட்டணியை எதிர்த்துக் கட்சியினின்று பிரிந்தோருள் ஒருவர். பிரிந்தோர் அமைத்த கட்சி தேர்தல்களிற் பெரிதாக வளரவில்லை. ஆயின் சங்கம் எக்கட்சிக்கும் வாலாகாது நிலைத்தது. தன் அங்கத்தவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பர் என்பது சங்கத்தின் வினாவன்று. எவ்வளவு சம்பளத்துக்கு எவ்வளவு நேரம் உழைப்பர் என்பதே அதன் வினா.

இனி அச்சங்கத்தின் நோக்கத்தைக் காண்போம். சங்கமென்றால் வேலைநிறுத்தம் என்று கொள்வது பொதுவழக்கு. பத்திரிகைகளில் வருவது அதுவே. ஆயின் ஆண்டு முழுவதும் நடப்பது வேறு: கடிதம் எழுதுதல், சட்டம் ஆராய்தல், பேரம் பேசுதல், சான்று தேடுதல். இவற்றால் வருவதே கூட்டு உடன்படிக்கை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி, முதலாளியும் சங்கமும் செய்யும் கூட்டு உடன்படிக்கை தொழில் ஆணையாளரால் ஏற்கப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்தால், அதன் வாசகங்கள் ஒவ்வோர் ஊழியனுடைய தனி ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டனவாகவே கொள்ளப்படும். வர்த்தக ஊழியர் சங்கம் தொழில்தருநர் சம்மேளனத்தோடு இலிகிதர் முதலியோர்க்காக இத்தகைய உடன்படிக்கைகளைச் செய்துவந்தது. சம்பளப் படிநிலை, வாழ்க்கைச் செலவுக்கேற்ற கொடுப்பனவு, ஒழுக்காற்று விசாரணை நடத்தும் முறை என்பன முதலாளியின் மனநிலையினின்று நீங்கித் தாளில் ஏறின.

1957இல் அப்பிணக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தொழில் நியாய சபைகள் தோன்றின. நீக்கப்பட்ட ஊழியனேனும், அவனுக்காகச் சங்கமேனும் அச்சபைக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண நீதிமன்றம் ‘ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது யாது?’ என்று வினவும். இச்சபையோ ‘நீதியும் நியாயமும் யாது?’ என்று வினவி, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதற்கு மாறாகவும் நிவாரணம் அளிக்கலாம். ஒரு மாத அறிவித்தலோடு எவரையும் நீக்கலாம் என்னும் பழைய வாசகத்தின் வலிமை அன்று குன்றிற்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத சிப்பந்திக்குச் சங்கத்தின் அலுவலர் சபையின்முன் நின்று பேசுவார்.

இவற்றுக்கு முன்னரே, 1954இல், கடை, அலுவலக ஊழியர் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நம் மாணவர் பாடசாலையை விட்டு நீங்குமுன் அறியவேண்டிய சட்டம் ஒன்றுண்டெனின் அது இதுவே. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி வேலை. அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு கூடிய ஓய்வு. ஆண்டுக்குப் பதினான்கு நாள் விடுமுறை; அதில் ஏழு நாளேனும் தொடர்ச்சியாகக் கொடுக்கப்படல் வேண்டும். தன் சொந்தக் கருமத்துக்கும் நோய்க்குமாக மேலும் ஏழு நாள். முதலாம் ஆண்டில் எந்த மாதத்திற் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து, அடுத்த ஆண்டுக்குரிய விடுமுறை பதினான்கு, பத்து, ஏழு, நான்கு நாளெனக் குறையும் என்று கூட அச்சட்டம் கணக்கிட்டு வைத்துள்ளது. வேலை நிபந்தனைகளை எழுத்திற் கொடுத்தல் முதலாளியின் கடமை.

கடை ஊழியனின் துன்பம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1891இற் கடைச் சிப்பந்திகளின் தேசிய சங்கம் தோன்றியபோது, ஊழியர் முதலாளியின் கடை மாடியிலேயே உண்டு உறங்கவேண்டிய முறைக்கு எதிராக அது நெடுங்காலம் போராடிற்று. அவ்வாறு தங்குவோர் எப்பொழுது விளக்கணைக்க வேண்டும் என்பதையும் முதலாளியே விதித்தார். தமிழ்நாட்டின் பெருந் துணிக்கடைகளில், காலை முதல் இரவுவரை ஊழியர் நின்றபடியே இருத்தல் வழக்கமாயிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அமரலாகாது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் தம் கடைச் சட்டங்களைத் திருத்தி, ஊழியர் அமர இருக்கை கொடுத்தல் கட்டாயம் என விதித்தன. தமிழ்நாட்டுச் சட்டம் 1947ஆம் ஆண்டினது. அதில் ஓர் இருக்கைக்கு இடம் பிறக்க எழுபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. கேரளத்தில் அவ்விருக்கையைக் கேட்டுத் தெருவில் இறங்கியவர் கடைகளில் நின்ற பெண்களே.

இனி வன்னிக்கு வருவோம். அக்கராயன் நீரையும் நெல்லையும் நம்பி வாழ்ந்த ஊர். அங்கு ஊழியன் என்னுஞ் சொல் ஆசிரியர், கிராம அலுவலர் முதலிய அரசாங்கத்தாரையே குறித்தது, ஏனையோர் கமக்காரர். 2008இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, போர் ஓய்ந்தபின் மீண்டவர்கள் கண்ட உலகம் வேறு. கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியின் இரு மருங்கிலும் வங்கிக் கிளைகள், குத்தகை நிதிக் கம்பனிகள், தொலைபேசிக் கடைகள், பல்பொருள் அங்காடிகள் தோன்றின. உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகாத பிள்ளைகள், அவருள்ளும் பெண் பிள்ளைகள், காலைப் பேருந்தில் அக்கடைகளுக்குச் செல்கின்றனர். நூறாண்டுக்கு முன் கோட்டையில் இலிகிதர் இருந்த நிலை எதுவோ, அதுவே பெரும்பாலும் இவர் நிலை. வேறுபாடு ஒன்றுண்டு: அன்று சட்டம் இல்லை, இன்று சட்டம் உண்டு, கேட்பார் இல்லை.

சட்டத்துக்குள்ளும் ஓர் இடர் உளது. 1971ஆம் ஆண்டின் வேலைமுடிவுறுத்தற் சட்டம், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி ஆட்குறைப்புச் செய்தலைத் தடுக்கின்றது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு உழைத்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வழங்க முதலாளியைக் கட்டாயப்படுத்துகின்றது. ஆயின் இவ்விரண்டும் பதினைந்து பேருக்குக் குறையாத நிலையங்களுக்கே செல்லும். கிளிநொச்சிக் கடைகளிற் பெரும்பாலன நாலைந்து பேரோடு நடப்பன. பெருஞ் சட்டங்களின் வேலி அவ்விடத்துக்கு எட்டாமல் நின்றுவிடுகின்றது.

எட்டுவனவும் உள. கடை, அலுவலகச் சட்டம் ஒரே ஊழியன் உள்ள கடைக்கும் செல்லும். சேமலாப நிதியும் அவ்வாறே: சம்பளத்தில் ஊழியன் பங்காக நூற்றுக்கு 8, முதலாளி பங்காக 12, அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3. குறைந்தபட்சச் சம்பளத்தை 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் முதலில் மாதம் 10,000 ரூபாவாக விதித்தது. பின்னர் அத்தொகை பன்முறை உயர்த்தப்பட்டது. தொழில் நியாய சபைக்குச் செல்லவும் பதினைந்து பேர் வேண்டியதில்லை.

ஆயின் நான்கு பேருள்ள கடையில் ஒருத்தி தனியே நின்று ‘என் சேமலாப நிதி எங்கே?’ என்று கேட்டால், விடை என்னவாகும் என்பதை யாவரும் அறிவர். அவள் தந்தை முதலாளியிடங் கடன்பட்டிருக்கலாம். முதலாளி உறவினராகவும் இருக்கலாம். ‘வேலை தந்த புண்ணியவானிடம் கணக்குக் கேட்பதா?’ என்று தாயே கடிந்துகொள்வாள். இவ்விடத்தேதான் முன்னர்க் குறித்த ஏழு என்னும் எண் வேண்டப்படுகின்றது. அவ்வெழுவரும் ஒரே கடையினராயிருக்க வேண்டும் என்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் கூறவில்லை. ஒரு தெருவின் இரண்டு மூன்று கடைகளைச் சேர்ந்தோர் எழுவராகலாம். அன்றி, ஏற்கெனவே உள்ள நாடளாவிய பொதுச் சங்கமொன்றில் அங்கத்தவராகலாம். வர்த்தக ஊழியர் சங்கம் தன் பெயரிற் ‘பொது’ என்பதைச் சேர்த்ததன் பயனும் அதுவே. நிலையமொன்றின் ஊழியருள் நூற்றுக்கு 40 பேர் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவராயின், அச்சங்கத்தோடு பேசமாட்டேன் என்று முதலாளி மறுத்தல் 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டுள்ளது. ஐந்து பேருள்ள கடையில் நூற்றுக்கு 40 என்பது இருவர்.

முதலாளிமார் பக்கத்தையும் கூறாதுவிடல் நியாயமன்று. கிளிநொச்சியிற் கடை வைத்திருப்போருட் பலர் தாமும் எல்லாவற்றையும் இழந்து, ஓலைக் கொட்டிலில் மீளத் தொடங்கியவர். வங்கிக் கடனோடு நிற்பவர். சட்டங்களைத் தெரிந்து மீறுவோரினும் தெரியாது மீறுவோரே அவருள் அதிகம் இருக்கலாம். எனினும் சேமலாப நிதிப் பணத்தைக் காலந் தாழ்த்திச் செலுத்துவோர் மேலதிகத் தொகையுஞ் செலுத்தவேண்டும். தாழ்க்குந்தோறும் அது பெருகும். பத்தாண்டு கழித்து ஊழியர் ஒருவர் முறையிட்டு, அத்தனையும் ஒருசேரக் கட்டவேண்டி வந்தால், சிறு கடைக்கு அது தாங்கொணாச் சுமை.

சேமலாப நிதியைப் பேணுவது மத்திய வங்கி. நிருவகிப்பவர் தொழில் ஆணையாளர். பணம் செலுத்தப்பட்ட ஊழியனுக்கு அங்கத்துவ இலக்கம் ஒன்றும் கணக்குக் கூற்றும் உண்டு. அக்கராயனிலிருந்து காலைப் பேருந்தில் கடைக்குச் செல்லும் பிள்ளை முதலிற் கேட்டறியவேண்டியது அவ்விலக்கத்தை.